அழுந்த மறுத்த பொத்தான்

மாலை நான்கு மணி இருபதுக்கு, கேமராவின் சிறிய கண்ணாடிச் சன்னலுக்குள் ஒரு சிவப்பு நாக்கு நீண்டு ராசாத்தி அத்தையின் முகத்தை மறைத்தது. நாலரைக்கு லொறி புறப்பட்டுவிடும் என்று அப்பா ஓயாமல் மணி சொல்லிக்கொண்டிருந்ததால் அந்த நேரம் எனக்கு மறக்கவில்லை.

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து மருந்துச்சாலையில் வேலை பார்த்த அப்பா, பதுளையில் பழையதாக வாங்கிய கேமரா அது. ஒரு படம் விழும் இடத்தில் இரண்டு படம் விழும் என்பதால் முப்பத்தாறு படச் சுருளில் எழுபத்திரண்டு எடுக்கலாம் என்று அவருக்குப் பெருமை. அதன் சன்னலோ நெட்டையானது. மற்ற கேமராக்களைப் போலப் படுக்கையாகப் பிடித்தால் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கே படம் தெரியும். கூட்டமாக எடுக்க வேண்டுமானால் கேமராவைச் செங்குத்தாகத் திருப்ப வேண்டும்.

அன்று அத்தை, மாமா, பிள்ளைகள், அப்பா, அம்மா என்று ஒன்பது பேர் லயத்து வரிசை வீட்டின் “இஸ்தோப்பு”த் திண்ணை வாசலில் வரிசையாக நின்றார்கள். தலைமன்னார் போய்க் கப்பலேறி அத்தை குடும்பம் இந்தியாவுக்குப் போகிறது. இனி எல்லோரும் ஒன்றாக நிற்கப்போவதில்லை. அப்பாவும் படத்தில் இருக்க வேண்டும் என்று அத்தை பிடிவாதம் பிடித்ததால், பத்து வயதான என் கைக்குக் கேமரா வந்தது.

திருப்பிப் பிடித்தேன். சிவப்பு வந்தது. பொத்தான் அழுந்தவில்லை.

“அப்பா, செவப்பு வந்துருச்சுப்பா.”

“சீக்கிரம் அமுத்து மருமகளே, எரவல் கால்சட்டை அவுந்துறப் போவுது,” என்றார் மாமா. “கேமராவும் அழுவுது போல, கண்ணு செவந்துருச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மலையை அண்ணாந்து பார்த்தார். “பனிமூட்டம் எறங்கிருச்சு. வெளிச்சம் பத்தாது.” லொறிக்காரர் இரண்டாம் முறை ஹோர்ன் அடித்தார். “விடுங்கண்ணே, அங்க போயி எடுத்து அனுப்புறேன்,” என்று அத்தை என் கன்னத்தைத் தடவிவிட்டு ஏறினாள். எந்தப் படமும் வரவில்லை. சில கடிதங்கள் வந்து, பிறகு அதுவும் நின்றது.

மறுநாள் காலை நல்ல வெயிலில் மறுபடி திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். சிவப்பு வந்தது. வில்லையைச் சுற்றி வெளிச்சத்தை அளக்கும் குமிழ்க்கண்ணாடி வளையத்தை என் இடது கைவிரல்கள் மூடியிருந்தன. இருட்டு என்று நம்பிய கேமரா, உள்ளே கண்ணிமைபோல் திறந்து மூடும் ஷட்டரைப் பூட்டிக்கொண்டிருக்கிறது. பார்க்கும் சன்னல் வில்லைக்கு மேலே தனியாக இருப்பதால் விரல் எனக்குத் தெரியவில்லை. விரலை எடுத்தேன், “டிக்” என்றது. வெறும் வாசல் படமாக விழுந்தது.

சாகும்வரை அப்பா பனியைத்தான் திட்டினார். நான் திருத்தவில்லை.

இப்போது அந்த லயம் இல்லை. மண்சரிவுக்குப் பயந்து ஆட்களை இறக்கி, கூரைத் தகரத்தையும் கழற்றிவிட்டார்கள். வளையம் செத்துப்போன கேமரா நடுப்பகலையும் இருட்டு என்கிறது. மகளை வேலைக்காக விமானமேற்றி வந்து மூன்று வாரமாகிறது. இதை எழுதும்போதே இரண்டு தரம் கைப்பேசியைப் பார்த்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியிலிருந்து, என்னைத் தேடி விசாரித்துக்கொண்டு, அத்தை மகள் செல்வி வந்து இறங்கினாள். அத்தை இறந்து நாலு வருஷமாம். தேநீர் ஆறும்வரை அடக்கி வைத்திருந்து, விரல் கதையைச் சொல்லி முடித்தேன்.

“அடிப்பாவி, இத்தன வருசமா இதயா வச்சிக்கிட்டு இருந்த?” என்றாள். “அந்தப் படம் விழுந்திருந்தா அதுல நீ ஒருத்திதான் இருந்திருக்க மாட்ட. எங்கம்மா கடைசி வரைக்கும் உன்னையத்தான் சொல்லுச்சு. ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு, நாக்கக் கடிச்சிக்கிட்டு, புள்ள எப்புடி நின்னுச்சு பாத்தியான்னு.”