சட்டையைப் பிடித்திருந்த கை

வெள்ளம் வந்து வடிந்து பதினான்கு மாதம் வரை எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது ஈப்போவில், நல்ல வெயிலடித்த ஒரு சனிக்கிழமை மதியம், ஒரு பெட்ரோல் நிலையத்தின் கார் கழுவும் கூடத்துக்குள்.

காரோடு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும் வகை அது. இயந்திரமே தண்ணீர் பீய்ச்சி, சோப்புப் போட்டு, பெரிய தூரிகைகளை உருட்டும். மனைவி பக்கத்து இருக்கையில் இருந்தாள். முன்கண்ணாடியில் தண்ணீர் விழுந்து வெளியே எதுவும் தெரியாமல் போனது வரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது, சாலையோரக் கால்வாய்ப் பக்கம் நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது. சட்டை முழுக்க நுரை. ஒரு காலில் செருப்பு இல்லை. யாரோ இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். என் பக்கத்துக் கதவு திறந்தபடி கிடக்க, உள்ளே மனைவி தலையிலிருந்து சொட்டச் சொட்ட அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஓடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

"அன்னைக்கும் நீங்க இப்படித்தான் போனீங்க."

எங்கே போனேன் என்று கேட்டேன். "பன்ஜிர் அன்னைக்கு. வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

பன்ஜிர் என்று அவள் சொன்ன அந்த வெள்ளத்தன்று நடந்ததாக எனக்குத் தெரிந்த கதை வேறு. அப்போது நாங்கள் ஈப்போவுக்கு வெளியே ஒரு பழைய தோட்டத்தில் இருந்தோம். ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. தோட்டத்து வீட்டு வரிசையில் ஏழெட்டுக் குடும்பம்தான் மிச்சம். காலையில் தேநீர் குடித்து முடிப்பதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டில், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன பெரியவர் தனியாகக் கிடந்தார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். அவரை முதுகில் சுமந்துகொண்டு, மார்பளவுத் தண்ணீரில் கோயில் மேட்டுக்கு நடந்தேன். மனைவி பின்னால் வந்தாள். இழுப்பில் விழாமலிருக்க என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தாள். அந்தப் பிடி என் தோளுக்குக் கீழே இன்னும் தெரியும்.

மேட்டிலிருந்து படகில் ஏற்றிப் போன பள்ளிக்கூட மண்டபத்து நிவாரண மையத்தில் இதைச் சொன்னேன். ஈப்போவில் சிலிபின் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்த பிறகு கல்யாண வீடுகளில் சொன்னேன். அவள் பக்கத்திலேயே இருந்து கேட்டிருக்கிறாள். ஒரு தடவைகூட மறுத்ததில்லை.

அன்று வீட்டுக்கு வந்து, உடை மாற்றிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவள் சொன்னாள். அவள் என் பின்னால் வரவே இல்லை. சமையலறைக்குள் இருந்தாள். ஐஸ்பெட்டி மிதந்து வந்து கதவை அடைத்துக்கொண்டது. பாத்திரம் கழுவும் மேடை மேல் ஏறி நின்று என்னைக் கூப்பிட்டாள். நான் முன்கூடத்துக்கு வந்தேனாம். கதவு இடுக்கு வழியாக என் முகம் அவளுக்குத் தெரிந்ததாம்.

"என்னைப் பார்த்தீங்க. அப்புறம் திரும்பிப் போயிட்டீங்க."

தண்ணீர் அவள் கழுத்துக்கு வந்தபோது கடைசி வீட்டு ஆட்கள் இரண்டு பேர் சன்னல் பலகையை உடைத்து அவளை இழுத்தெடுத்தார்கள். வேறு படகில்தான் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்து சேர்ந்தாள்.

அப்படியானால் என் சட்டையைப் பிடித்திருந்தது யார் என்று கேட்டேன். 

"முதுகுல இருந்தவருக்கு ஒரு கை நல்லாத்தானே இருந்துச்சு" என்றாள்.

  பொய் சொல்கிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன், அவள் முகத்தைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லத்தான் மண்டபத்துக்குள் நுழைந்தாளாம். எல்லாரும் என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்களாம்.

அதன் பிறகு மழை பெய்தால் என்னால் ஓட்ட முடியவில்லை. தொழிற்சாலை ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன் என்னுடையது. ஒரு நாள் பாதிச் சாலையில் வண்டியை ஓரங்கட்டி இறங்கிவிட்டேன். நெஞ்சு அடைத்தது. இதயம்தான் என்று அரசாங்கக் கிளினிக்குக்குப் போனோம். இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். ஒரு தாளை நிரப்பச் சொன்னார்கள். பெரிய சம்பவம் ஏதும் நடந்ததா என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன். மனைவி என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அதை அடித்துவிட்டு 'பன்ஜிர்' என்று எழுதினாள்.

அதைப் பார்த்து அவர்கள் அனுப்பிய மனநல ஆலோசகர் ஒரு மலாய்ப் பெண்மணி. என் மகள் வயது இருக்கும். தமிழ் தெரிந்தவர் வேண்டுமா என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். அது நல்லதாகப் போயிற்று. தமிழில் என்றால் பெரியவரைச் சுமந்த கதையைத்தான் மறுபடி அழகாகச் சொல்லியிருப்பேன். என் மலாய் சந்தைக்கும் வேலைக்கும் போதுமான மலாய். அதில் சுற்றிவளைக்க எனக்கு வார்த்தை கிடையாது. "சாயா லாரி" என்றேன். நான் ஓடினேன். "சாயா திங்கால் இஸ்திரி." மனைவியை விட்டுவிட்டேன். சொன்ன பிறகு, அந்த அறையில் அதைச் சொன்னது யார் என்று திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

அவர் என்னை மன்னிக்கவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. தாங்க முடியாததை மனசு ஒளித்து வைத்துவிட்டு, மாதங்கள் கழித்து வெளியே தள்ளுவது உண்டு என்றார். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி, கண்ணுக்குத் தெரிகிற பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லப் பழக்கினார். சில நாள் அது வேலை செய்கிறது. சில நாள் இல்லை.

மூன்றாவது முறை மனைவியையும் உள்ளே அழைத்தார். என்னைப் பற்றிக் கேட்பார் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம். அவர் அவளைப் பார்த்து, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

 அவள் கதவைப் பற்றிச் சொன்னாள். சிலிபின் வீட்டுக்கு வந்த முதல் வாரம், காற்று வரட்டும் என்று சொல்லிச் சமையலறைக் கதவைக் கழற்றச் சொல்லியிருந்தாள். கழற்றியது நான்தான். ஏன் என்று கேட்கவில்லை. குளியலறையில்கூட அவள் தாழ் போடுவதில்லையாம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அதுவும் எனக்குத் தெரியாது. 

வெளியே வந்து, மருந்து வாங்கும் வரிசையில் நிற்கும்போது சொன்னாள்:

"எனக்கும் ஒரு தேதி வாங்கிக் குடுங்க."

இப்போது ஆலோசகரைப் பார்க்கும் தேதி போட்ட அட்டைகள் இரண்டு வைத்திருக்கிறோம், ஆளுக்கு ஒன்று. அவள் முறை வரும் நாளில் நான் வெளியே நாற்காலியில் இருப்பேன். என்ன பேசினாள் என்று கேட்பதில்லை. போன வாரம் காரில் ஏறியதும் அவளே சொன்னாள், "இன்னைக்கு உங்கள நல்லாத் திட்டிட்டேன்லா." சரி என்றேன். பசிக்கிறது என்றாள். சாப்பிடப் போனோம்.