மார்டெல் ஒட்டி வைத்த உறை

இல்லை, மார்டெல் டிவியை உடைக்கவில்லை. ஊரில்தான் அப்படிப் பேசிக்கொள்கிறார்கள். அவள் எறிந்தது ஒரு துணிச் செருப்பு. அதுவும் திரைச்சீலையில் பட்டுத் தொப்பென்று விழுந்தது. இடுப்பெலும்பு மாற்றி மூன்று வாரமே ஆன எழுபத்திரண்டு வயதுக்காரியால் அதற்கு மேல் குறி பார்த்து எறிய முடியாது. நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். செருப்பை எடுத்து வந்து அவள் காலில் மாட்டிவிட்டவனும் நான்தான்.

மார்டெல் க்ரூகர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் சமையல்காரியாக இருந்தவள். என் மூன்று பிள்ளைகளும் அவள் கையால் மக்ரோனி தின்று வளர்ந்தவர்கள். சாப்பாட்டு வரிசையில் எவனாவது முண்டினால் கரண்டியை நீட்டிக் கடைசிக்கு அனுப்பிவிடுவாள். மேயர் மகனென்றாலும் அதேதான். தேர்தல் நாள் வந்தால் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு வாக்குச்சாவடி மேசையில் போய் உட்கார்ந்துகொள்வாள். தபாலில் வந்த உறைகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. எங்கள் விஸ்கான்சினில் தபாலில் ஓட்டுப் போடுகிறவர் பக்கத்தில் ஒரு சாட்சி இருக்க வேண்டும். சாட்சி, உறையின் மேல் கையெழுத்துப் போட்டு விலாசமும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஓட்டு செல்லாது. ஒருமுறை எங்கள் பாதிரியாரின் உறையையே திருப்பி அனுப்பியவள் அவள். ஓட்டு வயது வந்த நாளிலிருந்து ஒரு தேர்தலையும் விட்டதில்லை. இரண்டாவது பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சாவடிக்கு வந்தாள். பிள்ளையைத் தபால்காரர் வைத்துக்கொண்டு நின்றார்.

இந்த வருஷம் இடுப்பு காரணமாகத் தபால் ஓட்டு. நேற்று மத்தியானம் சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டாள். எதிரே உட்கார்ந்தேன். யாருக்குப் போடுகிறாள் என்று எனக்குத் தெரியக் கூடாதாம். பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரிக் கையை வளைத்து மறைத்துக்கொண்டாள். மேலே ஜனாதிபதி. அதற்குக் கீழே வேறு ஆட்கள். எல்லாவற்றுக்கும் அடியில் எங்கள் ஊருக்கு மட்டுமான ஒரு கேள்வி: பள்ளிக்கூடத்தை மூடாமல் நடத்த வரியைக் கொஞ்சம் கூட்டலாமா? கூடாது என்று போய்விட்டால், இருநூறு பிள்ளைகளும் இருபது மைல் தள்ளி அடுத்த ஊருக்கு பஸ்ஸில் போக வேண்டியதுதான். போன தடவை இதே கேள்வியில் பள்ளிக்கூடம் பதினோரு ஓட்டில் தப்பித்தது. அந்த இடத்துக்கு வந்ததும் அவள் பேனாவை அழுத்திய அழுத்தம் எனக்கே கேட்டது.

சீட்டை மடித்து, உறையில் போட்டு ஒட்டி, என் பக்கம் தள்ளினாள். அந்த நேரம் பார்த்து என் மகளிடமிருந்து போனில் படம் வந்தது. என் பேத்தி பிறந்து ஒன்பது நாள். கொட்டாவி விடுகிறாள். மேல் உதட்டில் ஒரு சொட்டுப் பால். கை விரலெல்லாம் அரிசி மாதிரி. பெரிதாக்கிப் பெரிதாக்கி மார்டெலுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவள், "காது அப்படியே உன்னுதுதான் வெர்ன். பாவம், பொம்பளப் புள்ள," என்றாள். அந்தச் சந்தோஷத்தில் நான் கையெழுத்துப் போட மறந்தேன். ஊரார் உறையையெல்லாம் துருவிப் பார்த்த அவளும் மறந்தாள்.

சாயங்காலம் டிவியில் ஜனாதிபதி வேட்பாளர்கள் இருவரின் விவாதம். சூப் எடுத்துக்கொண்டு போனேன். மடியில் ஒரு தாள் வைத்திருந்தாள், நடுவில் கோடு கிழித்து. கேட்ட கேள்விக்கு எவன் பதில் சொல்கிறானோ அவன் பக்கத்தில் ஒரு கோடு. ஆரம்பத்தில் அசைந்ததோடு சரி, அப்புறம் ஒரு மணி நேரம் பென்சில் அசையவே இல்லை. ஒருவர் ஆளுநர், இன்னொருவர் செனட்டர். வயிறு நிறைந்த பிள்ளைகள் தட்டில் கிடப்பதைக் கிளறுகிற மாதிரிக் கிளறிக்கொண்டே இருந்தார்கள்.

அப்புறம் பால் பண்ணைகளைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. ஏன் இத்தனை மூடுகின்றன, என்ன செய்யப் போகிறீர்கள்? மார்டெல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் தம்பி எல்டன் இந்த வசந்தத்தில்தான் அறுபது மாட்டையும் ஏலத்தில் விட்டான். அதற்குப் பிறகு அவன் காலைக் காப்பிக்கு எங்களோடு வந்து உட்காருவதில்லை.

ஆளுநர், தான் சிறுவயதில் பால் கறந்தவன் என்றார். உடனே செனட்டர், அந்தப் பிரச்சாரப் படத்தில் நீங்கள் கட்டிக்கொண்டு நிற்பது பசுவே இல்லை, காளை என்றார். ஆளுநர் அது பசுதான் என்றார். நான்கு நிமிஷம் இதே. அப்போதுதான் செருப்பு பறந்தது.

"எல்டன் ஒத்தப் பார்வைல சொல்லிருவான், பசுவா காளையான்னு," என்றாள். "அவனுக்குத்தான் இப்ப நேரம் நிறைய இருக்கே."

முடிந்ததும் தாளை என்னிடம் நீட்டினாள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோடு. எதற்கு என்றேன். ஆரம்பத்தில் நலமா என்று கேட்டதற்கு இரண்டு பேரும் நலம் என்று பதில் சொன்னார்களாம்.

சூப் ஆறிப்போயிருந்தது. தொடவில்லை, வாயில் என்னமோ கெட்ட ருசி என்றாள். மத்தியானம் அவள் ஓட்டுப் போட்ட ஆளும் அந்த இருவரில் ஒருவன்தான் என்பது அவளை அரித்தது. அப்போதுதான் மேசை மேல் கிடந்த உறை கண்ணில் பட்டது. சாட்சி இடம் வெறுமையாக இருந்தது.

பேனாவைத் தேடினேன். அவள் உறை மேல் உள்ளங்கையை வைத்துவிட்டாள்.

"போடாத. இது இப்படியே கெடக்கட்டும். உன் பேத்தி புண்ணியத்துல தப்பிச்சேன்."

இதை ரத்து செய்துவிட்டு வேறு சீட்டு வாங்கலாமே, மேலே ஜனாதிபதி இடத்தை மட்டும் காலியாக விடலாமே என்றேன். இந்தச் சட்டத்தை எனக்குச் சொல்லித் தந்ததே அவள்தான்.

"காலியா விடணும்னாலும் அந்தப் பேர் ரெண்டையும் இன்னொரு தடவை படிக்கணுமே வெர்ன். கொமட்டுது."

அடியில் இருக்கிற கேள்வி என்ன ஆவது என்று கேட்டேன். வீட்டுக்குப் போ என்றாள். ஐம்பது வருஷமாக விடாத ஒன்றை என் மறதியால் இவள் விடப்போகிறாளே என்ற நினைப்போடு வீட்டுக்கு நடந்தேன். பேத்தி படத்தைக்கூட அப்புறம் எடுத்துப் பார்க்கவில்லை.

இன்று காலை ஏழு மணிக்கு அவளே போன் செய்தாள். போனேன். நடக்க ஊன்றும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தாள். ஏழே காலுக்குப் பள்ளிக்கூட பஸ் அந்த வழியாகத் திரும்பும். சின்னப் பிள்ளைகள் அவள் ஜன்னலைப் பார்த்துக் கையாட்டும். அவள் சமைத்துப் போட்டதில்லை அதுகளுக்கு, ஆனாலும் ஆட்டும். பஸ் போகிற வரைக்கும் அவளும் ஆட்டினாள். மேசையில் அதே உறை, பக்கத்தில் பேனா.

கையெழுத்துப் போட்டேன். வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தாள். தெரு இருக்கிறது, ஊர்ப் பெயர் எங்கே என்று திருப்பித் தந்தாள். எழுதிக் கொடுத்தேன். மறுபடியும் எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டுத்தான் என் சட்டைப் பையில் செருகினாள், தபால் நிலையத்துக்கு.

வாசல்வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள்:

"ரெண்டுல எவன் ஜெயிச்சாலும் சரி வெர்ன், என் சாப்பாட்டு வரிசைல வந்து நின்னான்னா, கடைசில போயி நில்லுன்னுதான் சொல்லுவேன்."