அண்ணன் காருக்கு பைப்பு பார்த்த ஞாயிறுகள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னைக் கூட்டிக்கொண்டு ஈப்போ நகரில் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு பைப்பைத் தேடினார். தண்ணீர் வரும் பைப்பு அல்ல. டர்போ வைத்த காரில், அந்த டர்போவை விட்டு வெளியேறும் புகையைக் கீழே கொண்டுபோகும் தடித்த, வளைந்த பைப்பு. டவுன்பைப் என்று அதற்குப் பெயர். கார் அண்ணனுடையது. அண்ணன் வீட்டில் இல்லை. அப்பாவுக்கோ காரில் எண்ணெய் ஊற்றுவதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இந்த மூன்றும் எப்படி ஒன்றாகப் பொருந்தும் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

அப்பா சிம்பாங் பூலாய் கல்மலையில் வேலை செய்தார். பாறைகளை விழுங்கி ஜல்லியாகத் துப்பும் மெஷின் பக்கத்தில் நாள் முழுக்க நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் தொலைக்காட்சியைக்கூட சத்தம் குறைத்துத்தான் பார்ப்பார். பால்மரத் தோட்டத்தை வெட்டிச் செம்பனை நட்டபோது, ஓரமாக ஒதுக்கிய நிலத்தில் கட்டிய தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு இருந்தது. பின்னால் செம்பனை, முன்னால் ஒரே ஒரு தெரு. அந்தத் தெருவில் யார் இருமினாலும் எல்லோருக்கும் கேட்கும்.

அப்படிப்பட்ட தெருவில்தான் அண்ணன் அந்தக் காரை வாங்கி வந்து நிறுத்தினான். வேறு யாரோ ஓட்டிய டர்போ கார். வாங்கிய கையோடு, அதிலிருந்த பழைய பைப்பைக் கழற்றிப் பின்கட்டில் போட்டுவிட்டு, உள்ளே ஒன்றுமே இல்லாத வெறும் பைப்பு ஒன்றை மாட்டினான். விடியுமுன் ஓட்டுத் தொழிற்சாலைக்கு அவன் கிளம்பும்போது தெருவே அதிரும். நாய்கள் குரைக்கும். எதிர்வீட்டுக் கைக்குழந்தை அழும். அப்பா படுக்கையில் எழுந்து உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அண்ணனிடம் சொல்லிப் பார்த்தார். அண்ணன் சரி சரி என்றான். மறுநாளும் தெரு அதிர்ந்தது.

ஒருநாள் அண்ணன் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போயிருந்தான். அப்பா தெரிந்த போமேன் ஒருவரை வீட்டுக்கு வரவழைத்தார். கார் ரிப்பேர் செய்யும் அந்த மனிதர் சத்தம் போடும் பைப்பைக் கழற்றிவிட்டு, பின்கட்டில் கிடந்த பழையதை மாட்டிவிட்டுப் போனார். அன்று மத்தியானமே பழைய இரும்பு லாரி தெருவில் வந்தது. கழற்றிய பைப்பை அப்பா அதில் தூக்கிப் போட்டார்.

சாயங்காலம் அண்ணன் வந்து சாவியைத் திருப்பினான். கார் முனகியது. அவன் காரை அணைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"பைப்பு எங்கம்மா?"

அப்பா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "இரும்பு லாரியில போட்டுட்டேன்."

பெரிய சண்டை வரப்போகிறது என்று நான் அறைக்குள் ஓடிக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டையே வரவில்லை. அண்ணன் குளித்தான், சாப்பிட்டான், படுத்தான். அந்த வாரம் முடிவதற்குள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு ஜொகூருக்குப் பஸ் ஏறிவிட்டான். அங்கே கூட்டாளிகளோடு தங்கி, தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவதாக அம்மா சொன்னார். அம்மாவிடம் பேசினான், என்னிடம் பேசினான். அப்பாவிடம் பேசவில்லை. அப்பாவும் கூப்பிடவில்லை. கார் வாசலில் நீல நிறக் கித்தானுக்குள் கிடந்தது.

பல மாதம் அப்படியே போயிற்று. பிறகு ஒரு ஞாயிறு காலை அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "கெளம்புமா. அண்ணன் வண்டிக்கு பைப்பு பாக்கப் போலாம். அம்மா போன எடுத்துக்க."

இருந்த பைப்பைத் தூக்கிப் போட்டவரே புதிய பைப்பு வாங்கப் போகிறார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா போனைத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

முதலில் மெங்லெம்புவில் ஒரு சீனரின் எக்ஸோஸ் பைப்புக் கடைக்குப் போனோம். சுவர் முழுக்க பைப்புகள் தொங்கின. அப்பா தனக்குத் தெரிந்த மலாயில் டவுன்பைப் வேண்டும் என்றார். எந்த மாதிரி என்று கேட்டார் கடை முதலாளியான தவுக்கே. அப்பா விழித்தார். தவுக்கே இரண்டு பைப்புகளை எடுத்து மேசையில் வைத்து ஏதேதோ சொன்னார். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. அப்பா படம் எடுக்கச் சொன்னார்.

"அண்ணனுக்கு அனுப்பு. ரெண்டுக்கும் என்னா வித்தியாசம்னு கேளு."

"நீங்க கேக்குறீங்கன்னு சொல்லவா?"

"வேணாம் வேணாம். நீயே கேக்குற மாதிரி கேளு."

காரே ஓட்டத் தெரியாத நான் எதற்காக டவுன்பைப் பற்றிக் கேட்க வேண்டும்? ஆனாலும் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் அண்ணனிடமிருந்து குரல்பதிவு வந்தது. அதற்குள் நாங்கள் பக்கத்திலிருந்த மாமாக் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அப்பா போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். எனக்கும் கேட்டது.

"என்னா பாப்பா, நீ எப்ப போமேனா ஆன?" என்று சிரித்துவிட்டு அண்ணன் விளக்க ஆரம்பித்தான். "இப்ப நீ ஒரு ஸ்ட்ராவ வாயில வச்சிக்கிட்டு ஓடிப் பாரு. மூச்சு முட்டும்லா? எஞ்சினுக்கும் அப்படித்தான். பைப்பு அகலமா இருந்தா நல்லா மூச்சு விடும். படத்துல ஒன்னுல உள்ள தேன்கூடு மாதிரி இருக்கு பாரு, அது புகைய சுத்தம் பண்ணும். இன்னொன்னு வெறும் பைப்பு. சத்தம் கூட, நாத்தம் கூட, இன்ஸ்பெக்ஷன்ல மாட்டும்."

அப்பா கேட்டு முடித்தார். மறுபடி போட்டார். பிறகு மறுபடியும். தே தாரிக் ஆறி ஆடை கட்டியது. மேசையைத் துடைக்க வந்த கடைக்காரர், "என்னா அண்ணே, பாட்டா?" என்றார்.

"இல்ல பாய். பைப்பு வெளக்கம்" என்றார் அப்பா.

எனக்குத் தேன்கூட்டில்தான் மனம் நின்றது. திரும்பும் வழியில் மீண்டும் கடைக்குள் ஓடி அந்த பைப்புக்குள் எட்டிப் பார்த்தேன். சின்னச் சின்னக் கட்டமாக ஏதோ இருந்தது. தேனீ இல்லை. புகையை யார் சுத்தம் செய்கிறார்கள் என்பது அன்று முழுக்கப் புரியவில்லை.

அப்பா பைப்பு வாங்கவில்லை. இன்னும் நாலு கடை பார்க்கலாம் என்றார்.

அடுத்த ஞாயிறு புந்தோங். அதற்கடுத்தது குனோங் ராப்பாட். ஒவ்வொரு கடையிலும் அப்பா புதிதாக ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துக் கேட்கச் சொன்னார். பைப்பின் நடுவில் நெளிநெளியாக வலை மாதிரி இருக்கிறதே, அது எதற்கு? எஞ்சின் குலுங்கும்போது பைப்பு விரிசல் விடாமல் இருக்க என்றான் அண்ணன். பக்கவாட்டில் ஓட்டை எதற்கு? சென்சர் மாட்ட, அந்த ஓட்டை சரியான இடத்தில் இல்லாவிட்டால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் என்றான். துருப்பிடிக்காத நல்ல இரும்பு என்று எப்படித் தெரியும்? காந்தம் ஒட்டக் கூடாது என்றான். அதன்பிறகு ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த டுரியான் பழ காந்தத்தை அப்பா சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார். கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் குட்டி டுரியானை ஒவ்வொரு பைப்பிலும் வைத்து வைத்து எடுப்பார். எனக்கு வெட்கமாக இருக்கும்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. போன வாரம் கேட்டதையே இந்த வாரமும் கேட்கச் சொல்வார்.

"அதான் அண்ணன் சொல்லிருச்சேப்பா."

"மறந்துட்டேன்மா. திரும்பக் கேளு."

அண்ணன் அலுத்துக்கொள்ளவே இல்லை. குரல்பதிவுகள் நீளமாகிக்கொண்டே போயின. பைப்பு பற்றிச் சொல்லிக்கொண்டே வருபவன் இடையில் வேறு எதையாவது சொல்லுவான். சிங்கப்பூர் போகும் பாலத்தில் மழையில் மாட்டிக்கொண்டது, பருப்பு அடிப்பிடித்துக் கூட்டாளிகள் திட்டியது, மெஷினில் விரல் மாட்டித் தையல் போட்டது. அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லு பாப்பா, ஒன்றுமில்லை, ஆறிவிட்டது என்பான். பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி கேட்பார். அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டுக் கதவோரம் வந்து நிற்பார். அப்பா திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டது பைப்பு வருகிற இடத்தை அல்ல. தையல் போட்ட இடத்தையும் மழை வருகிற இடத்தையும்தான். கல்மலைச் சத்தத்தில் அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது, எந்த இடத்தில் பைப்பு வருகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். "பைப்பு இன்னும் முன்னுக்குப்பா" என்று நகர்த்திக்கூடக் கொடுத்தேன். அப்பா தலையாட்டிவிட்டு மறுபடி பின்னால் நகர்த்துவார்.

கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தோழியின் பிறந்தநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. எல்லாப் பிள்ளைகளும் போனார்கள். நான் மட்டும் ஒரு எக்ஸோஸ் கடையில், அப்பா டுரியான் காந்தத்தை வைத்துப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று இஞ்சி நல்லதா, இரண்டரை இஞ்சி நல்லதா என்று கேட்கச் சொன்னார். முதல் மாதமே கேட்ட கேள்வி. நான் கடைக்கு வெளியே போய்ப் போனை வாயருகில் வைத்துக்கொண்டு பேசினேன்.

"அண்ணே, நீயே வந்து பாரு லா. நான் கேக்கல, எல்லாம் அப்பாதான் கேக்க சொல்றாரு. நீ பேசுறத ராத்திரி வரைக்கும் போட்டுப் போட்டுக் கேக்குறாரு, அப்பவும் அவருக்கு ஒன்னுமே வெளங்க மாட்டேங்குது."

அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது. சொல்ல வேண்டாம் என்று அப்பா சொன்னதைச் சொல்லிவிட்டேன். பதில் வரவில்லை. மாமாக் கடையில் அப்பா போனை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வேலையா இருப்பான்" என்றார். திங்கள், செவ்வாய் என்று நாட்கள் போயின. அண்ணனிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. வேலைவிட்டு வந்ததும் அப்பா, "அண்ணன் ஏதும் அனுப்பிச்சானா?" என்று கேட்பார். இல்லை என்பேன். என்னால்தான் கோபித்துக்கொண்டுவிட்டான் என்று பயந்து, அந்தப் பதிவை அழித்துவிட்டேன். அப்பா கேள்வியை நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை காருக்குப் பக்கத்தில் போய், கித்தானின் ஓரம் விலகியிருந்ததை இழுத்துக் கட்டிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை காலை வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. துணிப்பையோடு அண்ணன் நின்றான். இளைத்திருந்தான். அம்மா சத்தமாக அழுதுவிட்டார். அப்பா உள்ளேயிருந்து வந்தார்.

"வாய்யா" என்றார்.

"வாரேன்" என்றான் அண்ணன்.

அவ்வளவுதான். எத்தனையோ நாள் கழித்துப் பேசுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்பா அவன் விரலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையல் போட்ட தழும்பு இருந்தது. அண்ணன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மூன்று பேரும் காருக்கு பேட்டரி உசுப்பி, மெங்லெம்புவுக்கே போனோம். அண்ணன் ஓட்டினான். தவுக்கே அப்பாவைப் பார்த்ததும் சிரித்து, இந்தத் தடவையாவது வாங்குவீர்களா என்று மலாயில் கேட்டார். அண்ணன் பைப்புகளைப் புரட்டிப் பார்க்கத் தொடங்குமுன் அப்பா பேச ஆரம்பித்தார்.

"மூனு இஞ்சி வேணாம்யா. உன் வண்டிக்கு அடியில இடிக்கும். அந்தத் தேன்கூடு வச்சதப் பாரு, கட்டம் பெருசா இருக்கு, மூச்சு முட்டாது. சென்சர் ஓட்ட ரெண்டும் சரியா இருக்கு. வல போட்ட துண்டும் இருக்கு, விரிசல் விடாது. காந்தம் வச்சிப் பாத்துட்டேன், ஒட்டல." கொஞ்சம் நிறுத்தினார். "உனக்கு அந்த வெறும் பைப்புதான் வேணும்னா, அதையே எடு. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்."

அண்ணன் பைப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்தான். அப்பா ஒன்றுகூட மறக்கவில்லை! ஒவ்வொரு ஞாயிறும் கேட்டது, அண்ணன் சொன்னது, எல்லாம் வரிசையாக இருக்கிறது!

"அப்பா, உங்களுக்கு எல்லாம் தெரியுமா?" என்று கத்தினேன். "அப்பறம் ஏன் திரும்பத் திரும்ப என்னையக் கேக்க சொன்னீங்க?"

"இப்பதான்மா வெளங்குச்சு" என்றார் அப்பா, யாரையும் பார்க்காமல்.

அண்ணன் சட்டென்று திரும்பி, அந்த பைப்பின் வாயைக் கண்ணுக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்க ஆரம்பித்தான். நெடுநேரம் பார்த்தான். தேனீ இல்லை என்று நான் சொன்னேன். பிறகு அண்ணன் பைப்பைக் கீழே வைத்து, "தேன்கூடு வச்சதே போதும்பா. காலையில நீங்க தூங்கணும்லா" என்றான்.

பைப்பு மாட்டி முடித்து வீடு திரும்பும்போது கார் அடித்தொண்டையில் மெதுவாகப் பேசிக்கொண்டு போனது. அண்ணன் அன்றைக்கே திரும்பிப் போக வேண்டியிருந்தது. காரிலேயே போனான், அடுத்த மாதமும் அதிலேயே வந்தான். அன்று வீடு வரும்வரை பின்சீட்டில் உட்கார்ந்து, வீணாய்ப் போன என் ஞாயிற்றுக்கிழமைகளையும் தவறிப்போன பிறந்தநாள் கேக்கையும் நினைத்து நான் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், பிறந்தநாளுக்கு ஏன் வரவில்லை என்று, ஒரு வாரமாகக் கோபித்துக்கொண்டிருந்த தோழி அன்றுதான் கேட்டாள். எங்கள் அப்பாவுக்கு எதையும் ஒரே தடவையில் சொன்னால் புரியாது, நல்ல வேளை அண்ணனுக்குப் பொறுமை அதிகம் என்று அவளிடம் சொன்னேன்.