படகு ஏறிய இஸ்மத்

உக்கடத்தில் ரசாக் பாயின் ஆட்டோ எலக்ட்ரிக் கடைக்கு வரும் டைனமோக்களுக்குக் காயில் சுற்றுவது அவர் மனைவி இஸ்மத் என்பது பலருக்குத் தெரியாது. கடைக்குப் பின்னாலேயே வீடு. கல்யாணமான புதிதில், கணவர் கம்பி சுற்றச் சுற்றப் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றுகளை எண்ணிச் சொன்னவர்தான் அவர். இரண்டே வருடத்தில் செம்புக் கம்பி இஸ்மத்தின் கைக்கு வந்துவிட்டது.

1994 ஆடியில், பவானிசாகர் அணையில் மீன் ஏற்றும் படகை ஓட்டுகிற தம்பிதுரை மூன்றாவது முறையாக அதே டைனமோவைத் தூக்கிக்கொண்டு வந்தார். பழைய டீசல் இன்ஜின். எவ்வளவு நேரம் ஓட்டினாலும் பேட்டரியில் சார்ஜ் ஏறுவதில்லை. பேட்டரியை மாற்றியும் பலனில்லை. காயில் சுற்றினதுதான் சரியில்லை என்று அணையின் மீன் குத்தகைக்காரர் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லவே தம்பிதுரை கூச்சப்பட்டார்.

உள்ளிருந்து கேட்ட இஸ்மத்துக்கு முகம் சுண்டிவிட்டது. டைனமோவைக் கடை மேசையில் மாட்டிச் சுழலவிட்டார்கள். மீட்டர் முள் பதினாலு வோல்ட்டில் நின்றது.

"இங்க நல்லாத்தான் ஓடுது. அப்ப கோளாறு படகுலதானுங்க. நானே வந்து பாக்கறேன்," என்றார் இஸ்மத். காயில் சுற்றியவர் யாரென்று தம்பிதுரைக்கு அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் கணவனும் மனைவியும் அன்னூர் வழியாக அணைக்கு பஸ்ஸில் போனார்கள். ரசாக் பாய்க்குத் தண்ணீர் என்றால் பயம். மீட்டரை மனைவி கையில் கொடுத்துவிட்டுக் கரையிலேயே நின்றுகொண்டார்.

படகில் ஏறிய இஸ்மத் அசந்துபோனார். இருபது வருட இன்ஜின் புத்தம் புதிதாய் மின்னியது. போல்ட் தலைகூட விடாமல் பச்சைப் பெயின்ட். துருப் பிடித்துவிடக் கூடாதென்று டைனமோ உட்காரும் தாங்கிக்கும், அதைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு கோட் அடித்துவிடுவாராம் தம்பிதுரை.

டைனமோவை மாட்டி இன்ஜினை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு கம்பியை டைனமோவின் முனையிலும் எர்த் கம்பியை அதன் உடம்பிலும் வைத்தார் இஸ்மத். முள் எழுந்தது. எர்த் கம்பியை மட்டும் எடுத்து இன்ஜினில் வைத்தார். முள் அசையவில்லை. டைனமோ இன்ஜினின் இரும்பைத் தொட்டால்தான் கரன்ட் பேட்டரிக்குப் போய்ச் சுற்றி வரும். நடுவில் படிந்த பெயின்ட் தொடவிடவில்லை.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க இதைப் பாத்துப் பாத்து வெச்சிருக்கீங்க. அதுதானுங்க கோளாறு."

தம்பிதுரை தானே கத்தியை எடுத்து, இரும்பு வெள்ளையாய்த் தெரியும்வரை தாங்கியைச் சுரண்டினார்.

ஓட்டிப் பார்க்க வேண்டுமே. இறங்கி வந்துவிடு என்று ரசாக் பாய் கரையிலிருந்து கையசைத்தார். இஸ்மத் பார்க்காதது போல் உட்கார்ந்திருந்தார். நடு நீரில் ஆம்பியர் முள் மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது.

"ஏறுதுங்க அம்மணி," என்றார் தம்பிதுரை.

எதிர்க்கரை வரை போகலாமா என்று கேட்டார் இஸ்மத்.

தப்பு என்னுடையதுதான் என்று அன்றைக்கே குத்தகைக்காரரிடம் தம்பிதுரை சொல்லிவிட்டார். திரும்பும் பஸ்ஸில் ரசாக் பாய் டைனமோவைப் பற்றிக் கேட்கவே இல்லை. பயமாக இருந்ததா என்றுதான் கேட்டார். முதலில் இருந்தது, பிறகு இறங்கவே மனசில்லை என்றார் இஸ்மத்.