ஐஸ் பெட்டியும் பித்தளை ஜெட்டும்

பெரியப்பா செத்த மறுநாள் பகலில் ஜெனரேட்டர் நின்றது. சாவு வீட்டின் இரைச்சலில் முக்கால்வாசி அதனுடையது என்பது அது நின்ற பிறகுதான் தெரிந்தது. ஒப்பாரிதான் அவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று நினைத்திருந்தேன். பார்த்தால், பெண்களில் பாதிப் பேர் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

புயல் அடித்து ஓய்ந்திருந்த நேரம். கடலூர் முதுநகரில் நிமிர்ந்து நின்ற கரண்டு கம்பம் ஒன்றுகூட இல்லை. பெரியப்பா பந்தலும் லைட்டும் மைக் செட்டும் வாடகைக்கு விடுகிற கடையை வீட்டோடு சேர்த்தே வைத்திருந்தார். ஊரார் கல்யாணங்களுக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்த அவருடைய சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர்தான், இப்போது அவர் படுத்திருந்த ஐஸ் பெட்டிக்குக் குளிர் கொடுத்துக்கொண்டிருந்தது. பெட்டியைச் சிதம்பரத்திலிருந்து லோடு ஆட்டோவில் ஏற்றி வந்தவர் பெரியம்மாவின் தம்பி. எனக்கு மாமா.

பெரியம்மாவின் ஒரே மகள் சிங்கப்பூரிலிருந்து கிளம்பித் திருச்சியில் இறங்கிவிட்டாள். சிதம்பரமும் தாண்டியாயிற்று. புவனகிரியில் ரோட்டுக்குக் குறுக்கே காலையில் இன்னொரு மரம் விழுந்து கிடக்கிறது, அறுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சேதி வந்திருந்தது. அவள் வந்து சேரும்வரை பெரியப்பா முகம் கெடாமல் இருக்க வேண்டும். வீடே அந்த ஒரு கவலையில் இருந்தது.

எனக்கு ஒன்பது வயது. எவ்வளவு முயன்றும் அழுகை வராததால், வேடிக்கை பார்க்கும் இலாகாவை நானே எடுத்துக்கொண்டிருந்தேன்.

“கார்புரேட்டர்ல கசடு அடைச்சிருக்கும். ஒரு நிமிஷத்துல பாக்குறேன், டெஸ்டரக் குடுங்க” என்று மாமா வேட்டியை மடித்துக் கட்டினார்.

எங்கள் வீடுகளில் டெஸ்டரை வாங்குவது கரண்டு இருக்கிறதா என்று பார்க்க. ஆனால் அதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அது உதவும். பெயிண்ட் டப்பா திறக்கும், தேங்காய் சில்லு நெம்பும், காதும் குடையும். அந்தத் தைரியத்தில்தான் மாமா கார்புரேட்டரைக் கழற்றி, அடிக்கிண்ணத்தைப் பிரித்து, உள்ளே குழிக்குள் இருந்த ஜெட்டில் டெஸ்டரை வைத்துத் திருகினார். ஜெட் என்பது சுண்டுவிரல் நகத்தளவுப் பித்தளைத் திருகு. நடுவே முடி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. இன்ஜின் குடிக்கும் பெட்ரோல் எல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான் போக வேண்டும். பழைய பெட்ரோல் பிசினாகி அதை அடைத்திருந்தது. ஜெட்டையும் இருந்த இடத்திலேயே ஒட்டிவிட்டிருந்தது.

டெஸ்டர் வழுக்கியது. மறுபடி வழுக்கியது. ஜெட்டின் தலையில் இருந்த வெட்டு வழிந்து, ஓரம் பிய்ந்து, கடைசியில் பிடிக்க ஒன்றுமில்லாத மொட்டைக் குழியானது.

“என்னா மச்சான், கழட்டுறியா, மோர் கடையிறியா?” என்றார் என் அப்பா.

“சும்மா இரு மச்சான். பித்தள வெண்ண மாரி வழியுது, நான் என்னா பண்றது?”

சுற்றி நின்றவர்களில் ஆளுக்கு ஒரு யோசனை. ஒருவர் ஊதச் சொன்னார், ஒருவர் உறிஞ்சச் சொன்னார். நானும் என் பங்குக்கு, கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டலாம் என்றேன். எனக்குப் புரையேறினால் அம்மா செய்கிற வைத்தியம். மாமா முறைத்துவிட்டு உளியையும் சுத்தியலையும் எடுத்தார்.

“அடிக்காதடா. ஒடஞ்சிபூடும்.”

குரல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. முதல் நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், தலைவிரி கோலமாகப் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெரியம்மா எழுந்து நின்றார். தலைமுடியை முறுக்கிக் கொண்டையாகச் செருகினார். புடவை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு வெளியே நடந்து வந்தார். ஒப்பாரி அடியோடு நின்றது. பெட்டியைத் திறந்து பெரியப்பாவே எழுந்து வந்திருந்தால்கூட எனக்கு அப்படித் தூக்கிவாரிப் போட்டிருக்காது. அவருக்காவது அது அவருடைய ஜெனரேட்டர்.

“கொதிக்கக் கொதிக்கத் தண்ணி கொண்டாங்க.”

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. எதிர் வீட்டுக்காரி ஓடிப்போய், பாவம் இப்பவாவது குடிக்கக் கேட்டாளே என்று சொம்பு நிறைய டீ கொண்டுவந்தாள்.

“அடியே, எனக்கில்லடி. இஞ்சினுக்கு. வெறும் தண்ணி!”

கூட்டத்திலிருந்த கிழவி ஒருத்தி, பெரியப்பாவுக்குத் தூரத்து அத்தை, மோவாயில் கையை வைத்தாள். “புருஷன் உள்ள கெடக்குறான். இவளுக்கு மிஷின் ரிப்பேரு கேக்குது பாரு.”

பெரியம்மா தலை நிமிரவில்லை. “மவ மொகம் பாக்க வேணாமா? பொட்டிகிட்ட ஒக்காந்து நீங்க ஊதுங்க, குளுருதான்னு பாப்பம்.”

கிழவி உள்ளே போய், முன்னிலும் பலமாக ஒப்பாரியை ஆரம்பித்தாள்.

வெந்நீர் வந்தது. பெரியம்மா கார்புரேட்டரை அதற்குள் முக்கிவைத்தார். சூட்டில் கார்புரேட்டரின் அலுமினியம் ஜெட்டின் பித்தளையைவிடக் கொஞ்சம் அதிகமாக விரியும், பிடி தளரும். இதைப் பள்ளிக்கூடத்தில் பிறகு படித்தேன், பரீட்சையில் தப்பாகவும் எழுதினேன். கடைக்குள்ளிருந்து சின்ன அரம் ஒன்றை எடுத்து அதன் மரப்பிடியைப் பிடுங்கிப் போட்டார். பிடிக்குள் செருகியிருந்த வால் நாலு பட்டையாக, நுனியில் கூர்மையாக இருந்தது. அதை மொட்டை ஜெட்டின் குழியில் வைத்து, சுத்தியலால் டொக் டொக் என்று, பிள்ளையைத் தூங்கவைக்கிறவர் போலத் தட்டினார். வால் பித்தளைக்குள் இறங்கிக் கடித்துக்கொண்டது. மெல்ல இடப்பக்கம் திருப்பினார். கிரீச்சென்று ஒரு சத்தம். ஜெட் சுழன்று வந்தது.

மாமாவின் வாய் மூடவே இல்லை. “ஒனக்கு எப்புடிக்கா தெரியும்?”

“உங்க அத்தான் மேடையில ‘ஹலோ ஹலோ’ன்னாரே, அப்ப பந்தலுக்குப் பின்னால யாரு இருந்தாங்கன்னு நெனச்ச?”

அலமாரியிலிருந்த தைல டப்பாவிலிருந்து வேறொரு ஜெட்டை எடுத்து மாட்டி, கார்புரேட்டரைத் திரும்பப் பூட்டினார். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றச் சொன்னார். கயிற்றைச் சுண்டினார். இருமியது. மறுபடி சுண்டினார். ஓடியது.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். இனி அழுவார் என்று பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பெட்டியின் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்துக் குனிந்து, “ஓடுதுங்க” என்றார். வேலை முடிந்ததைச் சொல்கிற சாதாரணக் குரல். எனக்கு முதுகு சில்லிட்டது. ஐஸ் பெட்டிக்குள் இருந்தவர்கூட அப்படிச் சில்லிட்டிருக்க மாட்டார். ஓடிப்போய் அம்மாவிடம், “பெரிம்மா செத்தவங்ககிட்ட பேசுறாங்க” என்றேன். தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிடைத்தது.

வெயில் சாய்வதற்குள் மகள் வந்துவிட்டாள். கண்ணாடியில் கன்னத்தை வைத்து, “தூங்குற மாரியே இருக்காரும்மா” என்று கதறினாள். பெரியம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

பிறகு, தூக்கலாம் என்றார்கள். ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னார்கள். எழுந்த மாமாவைக் கையமர்த்திவிட்டுப் பெரியம்மாவே வெளியே போனார். சுவிட்சில் கையை வைத்தார். வைத்தபடியே நின்றார். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

மொட்டை ஜெட்டையே கழற்றியவருக்கு இது தெரியவில்லையே என்று எனக்கு ஆச்சரியம். பக்கத்தில் போய், “இந்தப் பக்கம் திருப்பணும் பெரிம்மா” என்று சைகையோடு சொல்லிக்கொடுத்தேன்.

“தெரியும்டா” என்றார். திருப்பவில்லை.

உள்ளே ஓடி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தேன்: “பெரிம்மாவுக்கு ஆஃப் பண்ணத் தெரியலப்பா!”

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் இரண்டும் குலுங்கின. நான் எது சொன்னாலும் விழுந்து விழுந்து சிரிக்கிறவர் அவர். ஆனாலும் இதில் அவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.