பாதையில் பேய்க் கதை வாசித்தவர்

யுத்தம் முடிந்த வருடம், மண்டூரிலிருந்து வாவியைக் கடக்கும் பாதையில் அவரை அடிக்கடி காண்பேன். பாதை என்பது ஆட்களையும் சைக்கிள்களையும் ஒன்றாக ஏற்றிச் செல்லும் எங்கள் தட்டைப் படகு. மெலிந்த மனிதர், கொளுத்தும் வெயிலிலும் சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். கம்பியில் சாய்ந்தபடி ஒரு தடித்த புத்தகத்தை வாசிப்பார். பழைய ஐரோப்பியப் பேய்க் கதைகளின் தமிழாக்கம் அது. ஒரு கதை முடிந்ததும், "இதுலயும் இல்ல" என்று முணுமுணுத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவார்.

எனக்கு எரிச்சலாக இருக்கும். இவ்வளவு சாவைப் பார்த்த பிறகும் ஒரு மனிதனுக்குப் பேய் தேவையா? ஒருநாள் கேட்டே விட்டேன்.

"பேய்க் கதை எண்டா அவ்வளவு விருப்பமா அண்ணன்?"

"விருப்பம் எண்டில்ல தம்பி. இதுல செத்த ஆக்கள் எல்லாம் தங்கட வீட்டுக்குத்தான் திரும்பி வருகுதுகள். என்ட பொஞ்சாதியும் புள்ளையும் சுனாமியில போயிட்டுதுகள். கடற்கரையில இருந்த வீடும் அதோட போயிட்டு. இப்ப நான் இருக்கிறது வாவிக்கு இஞ்சால கட்டித் தந்த வீடு. அதுகள் இத ஒருநாளும் கண்டதில்லையே."

வாசித்த பக்கத்தில் விரலை வைத்தபடி தண்ணீரைப் பார்த்தார்.

"வீடு இல்லாமப் போனா அதுகள் எங்க வரும்? ஒரு கதையிலயாவது எழுதியிருப்பாங்க எண்டு பாக்கிறன்."

பாதை கரை தட்டியது. புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கமாக நடந்தார்.

அதன்பிறகு நானும் பேய்க் கதைகள் நிறைய வாசித்துவிட்டேன். எல்லாவற்றிலும் வீடு இருக்கிறது.