ஹெப்சி அக்கா இடுப்புக் கயிறு

செம்பாக்கம் ஏரியில் முதலை கிடையாது. எனக்கு நல்லாத் தெரியும். அதை விட்டவனே நான்தான், வாட்ஸ்அப்பில்.

ஹெப்சி அக்கா எங்க தெரு. மெடிக்கல் ஷாப்பில் பில் போடுற வேலை. நான் பத்தாவதில் ரெண்டாம் தடவை கோட்டை விட்டப்போ தெருவே சிரிச்சது. அவங்க மட்டும், "சாப்டியாடா?"ன்னு கேட்டாங்க.

ஏரியை மூடிக்கிடந்த ஆகாயத்தாமரையை அள்ள ஆள் சேர்த்தது அவங்கதான். ஒரு வருஷம் வீடு வீடா ஏறி, நாப்பது வீட்டு ஆளுங்க. ஞாயித்துக்கிழமை ரெண்டு ஷிப்ட். விடிஞ்சதும், பழைய ஊர்ப் பெருசு தசரதன் அண்ணனோட ஆளுங்க. சர்ச் முடிஞ்சதும், பட்டுச்சேலையை நைட்டிக்கு மாத்திக்கினு எங்க ஆளுங்க. மழைக்கு முன்னாடி, மிச்சத் தண்ணி வெளியே போற கலங்கலைச் சுத்தம் பண்ணணும். இல்லன்னா ஏரி எங்க தெருவுக்குள்ள வந்துடும்.

என்னையும் கூப்பிட்டாங்க. ஞாயித்துக்கிழமை தூக்கம் போகுதேன்னு கடுப்பு. நெட்டுல ஒரு முதலைப் படம் எடுத்து, யாருக்கும் தெரியாத பழைய சிம்லேர்ந்து ஏரி குரூப்பில் போட்டேன்: 'நம்ம கலங்கல் பக்கம், இன்னிக்குக் காலைல.'

அவ்ளோதான். ரெண்டு ஷிப்டும் காலி.

"இன்னாம்மா, என் ஆளுங்கள முதலைக்கு நாஷ்டா வெக்க சொல்றியா?"ன்னு அக்காகிட்ட கேட்டுட்டார் தசரதன் அண்ணன். நான் விழுந்து விழுந்து சிரிச்சேன்.

மூணாவது ஞாயிறு வேடிக்கை பாக்க கரைக்குப் போனேன். அக்கா தனியா, இடுப்பளவு தண்ணியில். இடுப்பில் கயிறு. மறுமுனை கரையில் வேப்பமரத்தைச் சுத்தி, அவங்க பொண்ணு ஜோவிதா கையில். மூணாவது படிக்கிறா.

"இன்னாத்துக்குக் கயிறு?"

"முதலை அம்மாவ இழுத்தா, நான் இந்தப் பக்கம் இழுக்கணும்."

உள்ளங்கை ரெண்டும் செவந்திருந்தது.

அக்கா அதை நம்பலை, அதான் இறங்கினாங்கன்னு நெனச்சேன். நம்பிட்டுத்தான் இறங்கியிருக்காங்க.

செருப்போடயே தண்ணிக்குள்ள போய் சொல்லிட்டேன். அக்கா திட்டலை. கையில் இருந்த கொடியைக் கரைக்கு வீசினாங்க.

"எங்கிட்ட சொல்லிட்டே. மத்த வீட்டுக்கெல்லாம் யார் போறது?"

போனேன். தசரதன் அண்ணன் வீட்டில் கன்னத்தில் ஒண்ணு கெடச்சது. மத்தவங்க கதவை மூடினாங்க, அது இன்னும் பேஜார்.

இந்த ஞாயிறு வந்தது பதினேழு பேர். கலங்கல் பாதிதான் திறந்திருக்கு. வானம் கறுத்துக்கினு வருது.

ஜோவிதா இன்னும் கயித்தை விடலை.

"குடு பாப்பா. முதலை இல்ல, நாந்தான் சொல்றேன்ல?"

"இருக்குதுன்னும் நீதானே சொன்ன?"